கருவி காட்டிய 15 டிகிரி

பூமி தட்டை என்று நம்பும் அமெரிக்கர்கள் சிலர், அது சுழலவில்லை என்று காட்ட சுழற்சியை அளக்கும் 20,000 டாலர் விலையுள்ள லேசர் கைரோஸ்கோப் ஒன்றை வாங்கினார்கள். 2018-இல் வந்த 'பிஹைண்ட் த கர்வ்' ஆவணப்படத்தில் அந்தக் கதை இருக்கிறது. பூமி சுழன்றால் கருவியில் மணிக்கு 15 டிகிரி விலகல் தெரிய வேண்டும். 24 மணி நேரத்துக்கு 360. சுழலாவிட்டால் விலகலே இருக்காது. கருவி 15 காட்டியது.

இதுவரை அவர்கள் செய்ததை நான் மனதார மதிக்கிறேன். பாடப்புத்தகம் சொல்கிறது என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், பணம் போட்டு அளந்து பார்த்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறோம்? ஆனால் 15 என்று கண்டதும், வானத்திலிருந்து வரும் ஏதோ ஆற்றல் கருவியைக் குழப்புகிறது என்றார்கள். அதைத் தடுக்க, கருவியைப் பிஸ்மத் உலோகத்துக்குள் வைத்து மூட வழி தேடினார்கள். சந்தேகம் செத்துப்போன இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகித்தவர்கள், தங்கள் முடிவின் மேல் மட்டும் கை வைக்கவில்லை. இந்த வழியில் போனால், ஆதாரம் இல்லையென்றால் மறைத்துவிட்டார்கள் என்றாகும். எதிராக ஆதாரம் வந்தால் ஜோடித்துவிட்டார்கள் என்றாகும்.

2011 செப்டம்பரில் இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்தில் ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழுவினரும் நம்ப முடியாத ஓர் எண்ணோடு நின்றார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் பாறைக்குள் ஊடுருவி வந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்திருந்தன. மாதக்கணக்கில் தேடியும் பிழை சிக்கவில்லை. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைனையே திருத்தியவர்கள் என்ற பெயர் எட்டும் தூரத்தில் இருந்தது. அவர்களோ கணக்கை உலகத்தின் முன் விரித்து வைத்து, எங்கே தவறியிருக்கிறோம் என்று பாருங்கள் என்றார்கள். தாங்களும் தேடுவதை நிறுத்தவில்லை. 2012 தொடக்கத்தில், ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருந்தது தெரியவந்தது. அதைச் சரிசெய்து மறுபடியும் அளந்தார்கள். ஜூன் மாதம், ஜப்பானின் கியோத்தோ மாநாட்டில் புதிய கணக்கு அறிவிக்கப்பட்டது: நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை.