செவி கொடுப்பதும் ஓர் அமானிதம்

ஆலோசனை கேட்கப்படுகிறவர் ஓர் அமானிதத்திற்குப் பொறுப்பாளியாகி விடுகிறார் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. மார்க்கக் கல்வியோ மருத்துவப் பட்டமோ இல்லாத ஒரு சாதாரண மனிதர், துயரத்தோடு வருகிறவருக்குத் துணையாக அமரலாமா? அறியாதவர் கையில் அமானிதத்தைக் கொடுப்பதாகாதா?

விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்னை ஆழ்வார்பேட்டையை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில் 'ஸ்நேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் இதைத் தொடங்கினார்கள். தொடங்கியவர் மருத்துவர், தொலைபேசியை எடுப்பவர்களோ தொண்டர்கள். பயிற்சி பெற்று, ஊதியம் வாங்காமல், தம் நேரத்தை ஒதுக்கித் தரும் ஊர்மக்கள் அவர்கள். பேசியவரின் இரகசியத்தைக் காப்பது அவர்களுடைய முதல் கடமை.

இந்த வழிமுறைக்கு முன்னோடி லண்டன் நகரில் உண்டு. 1953-ல் சாட் வரா என்ற பாதிரியார், மனமுடைந்தோருக்குத் தாமே ஆலோசனை கூற முன்வந்தார். காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சிலர் வந்தார்கள். அவர்களிடம் மனம் விட்டுப் பேசியவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்கும் தேவையே இல்லாமல் ஆறுதலடைந்து திரும்பினார்கள். அதைக் கண்ட அவர், 1954-ல் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்து விட்டார். 'சமாரிட்டன்ஸ்' என்ற அமைப்பு இப்படித்தான் உருவாயிற்று. துயருற்றவருக்கு முதலில் தேவைப்படுவது விடையல்ல, கேட்கும் காது என்பதை இது காட்டுகிறது.

'தற்கொலை ஹராம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி விடலாமே? கண்டிக்காமல் கேட்டுக் கொண்டிருப்பது பாவத்திற்கு உடன்படுவதாகாதா?' என்று சிலர் கேட்கலாம். அது ஹராம்தான், ஐயமில்லை. ஆனால் அழைத்தவர் அந்தச் சட்டத்தை அறியாமல் அழைக்கவில்லை. வாழ வழி கிடைக்குமா என்ற ஆசை உள்ளே மிச்சமிருப்பதால்தான் அழைக்கிறார். எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொன்னால் அவர் போனை வைத்து விடுவார். நம் தீர்ப்பு மட்டும் நம்மிடம் மிஞ்சும். நாட்டின் சட்டமே மாறியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கூறுகிறது. அரசே பிரம்பைக் கீழே வைத்திருக்கும்போது அண்டை வீட்டார் நாம் அதைக் கையில் எடுப்பதா?

ஆயினும் நல்லெண்ணம் மட்டும் போதாது. கேட்டதைத் தேநீர்க் கடையில் போய்ச் சொல்கிறவர் அமானிதத்திற்கு மோசடி செய்கிறார். மருந்து சொல்லத் துணிகிறவரும், தலாக் பற்றித் தாமாகத் தீர்ப்பளிக்கிறவரும் எல்லை மீறுகிறார்கள். எதை மருத்துவரிடமும், எதை ஆலிமிடமும், எதை வழக்கறிஞரிடமும் அனுப்ப வேண்டும் என்று அறிந்திருப்பதே தொண்டருக்குரிய இல்ம். பயிற்சி வேண்டும் என்பது அதனால்தான். அந்தப் பயிற்சி இருந்தால், நாம் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு இடமில்லை.

நம் முஹல்லாக்களை எண்ணிப் பார்ப்போம். பரீட்சையில் தோற்ற பிள்ளை, கடனில் மூழ்கிய தகப்பன், புகுந்த வீட்டில் கண்ணீர் வடிக்கும் பெண் — இவர்கள் யாரிடம் போவார்கள்? பேஷ் இமாம் ஒருவர்தானே. பெண்கள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி விடவும் முடியாது. ஜமாஅத்துக்கு இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் முறையாகப் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கினால் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கும். அதுவரை, 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணை ஒவ்வொரு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்கலாம்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்பது திருமறையின் கருத்து. அந்த நற்கூலி ஆலிமுக்கு மட்டும் உரியதென்று அல்லாஹ் வைக்கவில்லை. பிறர் துயரைப் பொறுமையோடு கேட்கும் செவியையும், கேட்டதைக் காக்கும் நாவையும் நம் அனைவருக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.