பொம்பளைச் சீக்கு

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். உடம்பில் மரு கிளம்பினால் உப்பும் மிளகும் வாங்கி அங்கே போடுவார்கள். சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவது மாதிரி மருவும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. பல பேருக்குக் கரைந்தும் விடுகிறது. கையிலும் முகத்திலும் வரும் மருவில் பெரும்பாலானவை ஓரிரு வருஷத்தில் தாமாகவே உதிர்ந்துபோகிறவை. புண்ணியம் வெல்லத்தின் கணக்கில் ஏறுகிறது, போகட்டும்.

எனக்கு வெல்லத்தின் மேல் கோபமில்லை. அதே மரு வேட்டிக்குள்ளே வந்தால் எந்தக் குளத்தில் கரைப்பீர்கள்? வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவீர்கள்?

இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்தான். எச்.பி.வி. என்பார்கள், அதில் இருநூறு வகைக்கு மேல் உண்டு. விரலில் வருவது வேறு வகைகள். பிறப்புறுப்பிலும் ஆசனவாய் ஓரத்திலும் காலிஃபிளவர் கொத்துப்போல வருவது பெரும்பாலும் 6, 11 என்று எண் கொடுத்த வகைகள். விரலில் வந்தவனுக்கு ஊரே வைத்தியம் சொல்லும்: அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவு, முடியைக் கட்டி இறுக்கு. கீழே வந்தவனுக்கு வைத்தியம் சொல்ல ஆளில்லை, "எங்கடா போனே?" என்று கேட்கத்தான் ஆள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பயந்து, சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து ராத்திரியில் தானே தடவி, மெல்லிய தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவன் பிறகு யாரிடம் போவான்?

அவன் ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவன், ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவன் என்றால் கேள்வியே கிடையாது, நேராகத் தீர்ப்புதான்: "மாத்திரை தின்னும் திருந்தலை."

இந்தத் தீர்ப்பை ஒருமுறை மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்வோம்.

இந்தியாவில் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி. இன்று பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. தவறாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனைக்கும் அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்தே இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்கு எச்.ஐ.வி. போகாது. ஆனால் மருவின் வைரஸ் ரத்தத்தில் குடியிருப்பதில்லை. தோலின் அடியடுக்கில் பதுங்கியிருக்கிறது. எச்.ஐ.வி. மாத்திரைக்கு அதன் மேல் அதிகாரமே கிடையாது. அதை அடக்கிவைப்பது நம் எதிர்ப்புச் சக்தி. அந்தச் சக்தியைத்தான் எச்.ஐ.வி. வருஷக்கணக்கில் அரித்து வைத்திருக்கிறது. மாத்திரை தொடங்கிய பிறகு, எதிர்ப்புச் சக்தி தரும் சிடி4 அணுக்கள் ஏற மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள். அதுவரை மரு அதிகமாக வரும், பெரிதாக வரும், எடுத்தாலும் திரும்ப வரும். சிலருக்கு மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில்தான், எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும் நேரத்தில்தான், உள்ளே கிடந்தது வெளியே கிளம்புகிறது.

எப்போது ஒட்டியது? போன மாதமாக இருக்கலாம், பத்து வருஷத்துக்கு முன்னாலும் இருக்கலாம். யாரிடமிருந்து என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆணுறைகூட இதில் பாதிக் காவல்தான்; அது மூடாத இடத்துத் தோல் உரசினாலும் தொற்றும். அப்படியிருக்க இந்த மாதம் முளைத்த மருவை வைத்துப் போன மாத நடத்தையைக் கணக்குப் போடுகிறோம். வைத்தீஸ்வரன் கோயில் தெருவில் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு நாடி ஓலை எடுத்துவந்து படிக்கிறார்களே, அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கென்ன யோக்கியதை? அவர்களாவது கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த வகை நோய்களுக்கெல்லாம் நம் ஊரில் பழைய பெயர் ஒன்று உண்டு: பொம்பளைச் சீக்கு. தஞ்சை ஜில்லாவின் மைனர்களைப் பற்றிக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரின் அநியாயம் தனியாக உறைக்கும். பத்து வேலி நிலமும் வில்வண்டியும் வைத்திருந்த மைனர் போய்வருவார். வாங்கி வந்ததை வீட்டுக்காரிக்குக் கொடுப்பார். நோயின் பெயர் மட்டும் பெண்ணின் தலையில். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' எழுதினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. தாசி முறை போயிற்று, பெயர் போகவில்லை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த ரத்தம் பாலியல் தொழில் செய்த பெண்களுடையது. அவர்களிடம் வந்துபோன ஆண்களின் ரத்தத்தைப் பற்றி ஊர் கேட்கவே இல்லை. நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா பெரியசாமி கல்யாணம் செய்துகொண்டதால் மட்டுமே தொற்றுக்கு ஆளானவர், 1998-இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி, முகத்தை மூடாமல் பேசினார். தாலிதான் அவர் செய்த 'ஒழுக்கக்கேடு'.

இங்கே பகுத்தறிவு பேசும் நம் பக்கத்து ஆட்களையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். ராகு காலத்தில் கல்யாணம் செய்கிறோம், எமகண்டத்தில் புதுவீடு புகுகிறோம். கற்பு என்றால் இரண்டு பேருக்கும் பொது என்று பெரியார் சொன்னதை மேடையில் முழங்குகிறோம். தெருவில் ஒருவருக்கு 'அந்த நோய்' என்று காதில் விழுந்ததும் குரல் தாழ்கிறது, டீக்கடையில் டம்ளர் தனியாகிறது. பாவம் என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஒழுக்கம்' என்ற சொல்லை அதே பீடத்தில் உட்காரவைத்திருக்கிறோம். பாவத்துக்காவது பரிகாரம் இருந்தது!

வயலில் நாம் இப்படி இல்லை. சம்பாவில் புகையான் விழுந்தால் எந்த விவசாயியும் பயிரைப் பார்த்து "நீ என்ன பண்ணினே?" என்று கேட்பதில்லை. பூச்சி மேலே தெரியாது. அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் பச்சைப்பசேல். உள்ளே இறங்கி, பயிரை இரண்டு கையாலும் விலக்கி, குனிந்து பார்க்க வேண்டும். தண்ணீரை வடி, யூரியாவை நிறுத்து, தூரில் படும்படி அடி, அடுத்த போகத்தில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடு. பக்கத்து வயல்காரனுக்கும் உடனே சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவன் சண்டைக்கு வருவான்.

உடம்புக்கும் வழி இருக்கிறது. தோல், பால்வினை நோய்ப் பிரிவில் போடோஃபிலின் தடவுவார்கள், அமிலம் வைப்பார்கள், திரவ நைட்ரஜனால் உறையவைப்பார்கள், மின்சூட்டில் சுடுவார்கள். நாலைந்து முறை போகவேண்டி வரலாம். திரும்ப முளைத்தால் மறுபடி போகவேண்டும். ரத்தம் கசிகிற, கறுத்த, கெட்டிப்பட்ட மருவாக இருந்தால் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். கூட்டு மருந்தை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது.

அவன் மனைவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மருவைக் கொடுக்கும் 6, 11 புற்றுநோயைக் கொடுப்பது அபூர்வம். ஆனால் அவற்றோடு 16, 18-உம் வந்திருக்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது அந்த இரண்டின் வேலை. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்; 25 வயதிலிருந்தே சோதனை செய்யச் சொல்கிறது. 2008-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் எச்.பி.வி.யைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திய ஹவுசனும், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த பாரே-சினூசியும் மோந்தன்யேயும். ஸ்டாக்ஹோமில் ஒரே மேடையில் நின்ற இரண்டு வைரஸும் இங்கே ஒரே வீட்டில் இருப்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. தடுப்பூசி வந்துவிட்டது, 14 வயதுப் பெண்களுக்குப் போட 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு பணமும் ஒதுக்கியது. பையன்களுக்கு? அந்த ஊசியும் பொம்பளை ஊசியாகத்தான் நிற்கிறது.

கருப்பைவாய்ச் சோதனையைத் தமிழக அரசு முதலில் முன்னோட்டமாக நடத்திய இரண்டு மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர், இன்னொன்று தேனி. வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம் கொஞ்சம், நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற செவிலியர், ஒரு நிமிஷம். தடவிய இடம் வெளுத்தால் மேலே பார்ப்பார்கள். ஆரம்பத்தில் கண்டால் அங்கேயே சரிசெய்துவிடலாம்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு அம்மாவும் இந்தச் சோதனைக்குப் போவார், விஷயம் தெரிந்தால். எச்.ஐ.வி. நிலையை ஊரிடமிருந்து மறைக்கும் உரிமையை 2017-ஆம் வருஷச் சட்டம் அவர் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறது, நியாயமாகத்தான். அவர் மறைப்பது ஊரிடம் மட்டுமல்ல. மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, "சத்து மாத்திரை" என்று சொல்லி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் பொழுது விடியுமுன் வயலுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே குனிந்து, ஒவ்வொரு தூராக விலக்கி, புகையான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.