மூச்சடக்கமும் தன்னடக்கமும்

தன்னடக்கம் என்பது ஒருவன் பிறர் துணையின்றித் தன்னுள்ளேயே ஈட்டிக்கொள்ளும் பண்பு என்று நாம் பெரும்பாலும் கருதிவந்துள்ளோம். உடல் முறையிட, உள்ளம் அதற்குச் செவிசாயாது நிற்கும் நிலையே அடக்கத்தின் உச்சமெனப் போற்றப்படுகின்றது. இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய, மூச்சடக்கிச் சுழியோடுவதற்கான பயிற்சிநெறியை எடுத்துக்கொள்ளலாம். காற்றுக் கலன் ஏதுமின்றி, ஒரே மூச்சில் ஆழஞ் சென்று மீளும் கலை இது. பிரான்சு நாட்டவரான ஜாக் மயோல் 1976இல் எல்பாத் தீவருகே இவ்வாறு 100 மீற்றர் ஆழத்தை எட்டினார். இன்று பல நாடுகளில் இது கட்டணம் பெற்றுச் சில நாட் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகின்றது.

பயிற்சியின் தொடக்கப் பாடம் மேற்கூறிய கருத்துடையோருக்கு மகிழ்ச்சியளிப்பது. மூச்சை நிறுத்தியவனுக்குச் சிறிது நேரத்தில் நெஞ்சு தவிக்கின்றது. பிரிமென்றகடு தானாகவே துடிக்கின்றது. ஆயின் இத்தவிப்புப் பெரும்பாலும் ஒட்சிசன் குறைந்தமையால் எழுவதன்று. குருதியிற் காபனீரொட்சைட்டு மிகுந்தமையால் எழுவது. ஆபத்து நேர்வதற்கு முன்பே உடல் முறையிடத் தொடங்கிவிடுகின்றது. எனவே அம்முறையீட்டை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என மாணவன் அறிகின்றான்.

அடுத்த பாடம் அம்மகிழ்ச்சியைக் கெடுத்துவிடுகின்றது. மூழ்குமுன் விரைந்தும் ஆழ்ந்தும் பன்முறை மூச்சுவிடலாகாது என்பதே அது. அவ்வாறு செய்பவனின் குருதியில் ஒட்சிசன் அதிகம் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டே குறைகின்றது. தவிப்பு எழவேண்டிய வேளையில் எழுவதில்லை. அவன் அமைதியாக இருக்கின்றான், அவ்வமைதியிலேயே நினைவிழக்கின்றான். நீந்துவோர் இவ்வாறு நினைவிழப்பதன் காரணத்தைக் கிரெய்க் என்னும் உடற்றொழிலியலாளர் 1961இல் விளக்கினார்.

சிக்கல் இங்குதான் தோன்றுகின்றது. தவிப்பைப் பொறுத்தவனும் தவிப்பை அணைத்தவனும் தம்முள்ளே காண்பது அமைதியையே. உண்மையிற் பின்னவனின் அமைதியே நிறைவானது! அவ்வாறாயின், உள்ளத்தின் அமைதியை அடக்கத்துக்குச் சான்றாகக் கொள்வது எங்ஙனம்? ஐம்பொறியடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டினார். அந்த ஆமையும் மூச்செடுக்க மேலே வந்தேயாக வேண்டும்.

ஆழமும் மனிதனை ஏமாற்றுகின்றது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காவதால் நுரையீரலிலுள்ள ஒட்சிசனின் பகுதியமுக்கமும் உயர்ந்து நிற்கும். மேலேறுகையில் அது விரைந்து வீழும். ஆகையாற் கீழே நலமாக இருந்தவன் மேற்பரப்பை அண்மிக்கும்போதோ, அதனை அடைந்த பின்னரோ மயங்குகின்றான். தன் நிலையைத் தானே மதிப்பிட அவனுக்குள்ள கருவி மூளை. ஒட்சிசன் குறைந்தால் மழுங்குவதும் அதே மூளை. எவரும் தனித்து மூழ்கலாகாது என்னும் விதி இதனாலேயே வகுக்கப்பட்டது.

மன்னார்க் கடலில் இவ்வுண்மை வேறு வடிவில் நிலவியது. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்திற் கல்லின் பாரத்தாற் கீழிறங்கியவர், கயிற்றை அசைத்ததும் படகிலிருந்தவர் இழுத்தெடுத்தார். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்று தமிழ்க் கரையோரங்களிற் கூறும் மரபுண்டு. உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றிற் தொங்குவதால் அவன் கண்ணயரான் என்பது கருத்து. அங்கு மூழ்கியவரை வாழ்க்கைத் தேவையே ஆழத்துக்கு அனுப்பியது. பிரித்தானிய ஆட்சியில், 1905இல் நடந்த பெருங்குளிப்பிலும், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு கொண்டது; எஞ்சியதே குளித்தவருக்குரியது.

பயிற்சி பெறுபவனோ விருப்பத்தாற் செல்கின்றான். தன் விருப்பத்துக்காக இன்னொருவன்மீது தன் உயிரின் பொறுப்பைச் சுமத்த அவனுக்கு உரிமை உண்டா? சுமத்தலாம் என்றே நான் கருதுகின்றேன். ஆனால் அதற்கு ஈடாக அவன் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். 'இன்று போதும்' என்று காவலிருப்பவன் கூறினால், தன் உடல் தனக்குத் தெரியும் என வாதிடாது கரையேற வேண்டும். இதனைச் சுதந்திர இழப்பென்பாரும் உளர். முற்றிலும் சுதந்திரமாக இருக்க விரும்புபவன் முதலில் காவலுக்கு ஆள் தேடியிருக்க மாட்டான்.

மேலே வந்தவன் உட்கொள்ளும் முதல் மூச்சு மூளையைச் சென்றடையச் சில செக்கன்கள் ஆகும். அதனால், அவன் 'நலம்' எனச் சைகை காட்டிய பின்னரும், ஏறத்தாழ 30 செக்கன்களுக்கு மற்றவன் அவனுடைய கண்களையும் உதட்டின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கப் பழக்கப்படுகின்றான். மூழ்கி வந்தவன் அதை அவமதிப்பாகக் கொள்வதில்லை. அடுத்து மூழ்குபவன் மற்றவன். அப்போது பார்த்திருக்கவேண்டியவன் இவன்.