வானில் பதில் சொல்லும் கடமை

விமானப் பயணியின் எதிரே ஒரு திரையைப் பொருத்துவதும், அவருடைய கைபேசியை வானிலேயே இணையத்தோடு சேர்த்துவிடுவதும் ஒரே சேவையின் முந்தைய, பிந்தைய கட்டங்களாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. மனிதன் தன்னோடு தனித்திருப்பது பற்றிய மிகப் பழைய தத்துவக் கேள்வியை முன்னிறுத்திப் பார்த்தால், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு தொழில்நுட்ப வளர்ச்சியின் அளவைப் பொறுத்தது அன்று, அறத்தின் தன்மையைப் பொறுத்தது என்பது புலனாகும். திரை பயணியிடம் எதையும் கேட்பதில்லை. இணைப்பு அவரிடம் பதிலை எதிர்பார்க்கிறது.

1921-இல் சிகாகோ நகரின் மேல் பறந்த ஒரு நீர்விமானத்தில் அந்நகரைப் பற்றிய குறும்படம் காட்டப்பட்டது. 1925-இல் இம்பீரியல் ஏர்வேஸ் விமானத்தில் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' என்னும் மௌனப்படம் திரையிடப்பட்டது. இவை காட்சிக்காகச் செய்யப்பட்ட முயற்சிகளே. 1961-இல் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனம் முறையான திரையிடலைத் தொடங்கியபோது அனைவருக்கும் ஒரே படம் ஓடியது. 1988-இல் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானமொன்றில் இருக்கைதோறும் சிறு திரைகள் வந்த பிறகு, அவரவர் விருப்பம் அவரவர் திரைக்குள் அடங்கியது. செய்வதற்கு ஒரு செயலும் இல்லாமல் பல மணிநேரம் உடல் கட்டுண்டு கிடக்கும் நிலையில் மனத்தை வேறு பக்கம் திருப்புவதே இவ்வளவுக்கும் நோக்கமாக இருந்தது.

இந்நிலையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர் பிரெஞ்சு சிந்தனையாளர் பிலேஸ் பாஸ்கல். அவர் 1662-இல் மறைந்த பின் 1670-இல் வெளிவந்த குறிப்புகளில், மனிதனின் துன்பங்களில் பெரும்பகுதி அமைதியாகத் தனித்திருக்க இயலாமையிலிருந்தே பிறக்கிறது என்று வாதிட்டார். வேட்டைக்குப் போகிறவனுக்கு முயலை விலையின்றிக் கொடுத்தால் அவன் மகிழமாட்டான், ஏனெனில் அவன் நாடுவது முயலை அன்று, தன் நிலையையும் இறப்பையும் எண்ணவிடாமல் தடுக்கும் அந்த ஓட்டத்தையே என்பது அவர் கருத்து. பாஸ்கலின் அளவுகோலால் விமானத் திரையைக் கண்டிப்பது எளிது. ஆயினும் அக்கண்டனம் முழுமையானதாகத் தோன்றவில்லை. வளைகுடா நாட்டு விமானங்கள் சிலவற்றில் தொழுகைக்குரிய மக்காவின் திசையை அதே திரைதான் காட்டுகிறது. சவூதி அரேபிய விமானங்களில் புறப்பாட்டுக்கு முன் பயணப் பிரார்த்தனை ஒலிக்கிறது. மேலும், திரையை அணைத்துவிட எவருடைய அனுமதியும் தேவையில்லை; அணைத்தவரை எவரும் குறைகூறுவதும் இல்லை.

அணைத்த பின் எஞ்சுவது என்ன என்பதை ஜெர்மானியத் தத்துவஞானி மார்ட்டின் ஹைடெக்கர் 1929–30 குளிர்காலத்தில் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில் விளக்கினார். ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தில் அடுத்த ரயிலுக்காக நான்கு மணிநேரம் காத்திருப்பவரை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார்: கால அட்டவணையைப் படிப்பதும், மரங்களை எண்ணுவதும், கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நகர மறுக்கும் காலத்தைத் தள்ளிவிட அவர் போராடுகிறார். சலிப்பின் மேலோட்டமான வடிவமே இது. இதைவிட ஆழ்ந்த சலிப்பில் உலகம் முழுவதுமே பொருளற்றதாகி விலகி நிற்கும்போது, தன் வாழ்வைத் தானே ஏற்று வாழவேண்டும் என்னும் உண்மை மனிதனுக்கு வெளிப்படுகிறது என்று ஹைடெக்கர் கருதினார்.

பாஸ்கலும் ஹைடெக்கரும் எண்ணிப் பார்த்திராத ஒன்றை வானிணைப்பு கொண்டுவந்துள்ளது. 2004-இல் லுஃப்தான்சா விமானங்களில் போயிங் தொடங்கிய இணையச் சேவை போதிய வாடிக்கையாளர் இன்றி 2006-இல் கைவிடப்பட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலத்திலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுழலும் செயற்கைக்கோள்களை அத்தகைய சேவைகள் சார்ந்திருந்ததால், கேள்வி போய்ப் பதில் வர அரை நொடியாவது பிடித்தது. ஸ்டார்லிங்க் போன்ற இன்றைய அமைப்புகளின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அத்தாமதம் பெரிதும் குறைந்துவிட்டது; 2024-இல் கத்தார் ஏர்வேஸ் ஸ்டார்லிங்க் சேவையை ஏற்றது. இந்தியாவில் 2018-இல் விமான இணையச் சேவைக்கான விதிகள் இயற்றப்பட்டன. 2025 ஜனவரியில் ஏர் இந்தியா தன் விமானங்கள் சிலவற்றில் உள்நாட்டுப் பயணிகளுக்கும் இணையம் வழங்கத் தொடங்கியது.

தொலைவு இருந்த வரையில் பயணியின் மௌனம் குற்றமற்றதாக இருந்தது. மேலதிகாரிக்கோ உறவினருக்கோ அவர் பதில் எழுதாததற்கு அவருடைய மனநிலையோ மரியாதைக் குறைவோ காரணமாகக் கொள்ளப்படவில்லை. வானமே அவருக்காக விளக்கம் சொல்லிவிட்டது. இணைப்பு வந்த பின், அதே மௌனம் அவர் எடுத்த முடிவாகிறது. முடிவு என்பதாலேயே அது காரணம் கேட்கப்படக்கூடியதாகவும் ஆகிறது. திரைப்படம், உணவு, உறக்கம் அனைத்தையும் மறுத்துப் பயண வரைபடத்தை மட்டுமே பார்த்தபடி அமர்ந்திருப்பதை 2024-இல் இளைஞர் பலர் ஒரு சாதனையாக உலகுக்கு அறிவித்தது இம்மாற்றத்தின் அடையாளமே.

மௌனத்தைப் போற்றிய சமய மரபுகள், அதைத் தனிமனிதனின் மனவுறுதியிடம் மட்டும் ஒப்படைத்துவிடவில்லை. 1084-இல் புரூனோ என்பவர் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் தொடங்கிய கார்த்தூசியத் துறவியர் சபையில், துறவி பேசாதிருப்பதற்குச் சபையின் ஒழுங்குவிதியே பொறுப்பேற்கிறது. திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் காத்த காந்தி, நாட்டுப் பிரிவினைத் திட்டம் முன்வைக்கப்பட்ட 1947 ஜூன் 2 அன்றும் வைஸ்ராய் மௌன்ட்பேட்டனிடம் பேசாமல் பழைய உறைகளின் பின்புறத்தில் எழுதியே கருத்துரைத்தார். வைஸ்ராயும் அவ்விரதத்தை ஏற்றுக்கொண்டார். பிறர் ஒப்புக்கொண்ட மௌனத்திலேதான் மனிதன் குற்றவுணர்வு இன்றி நிலைத்திருக்க இயலுகிறது.

இதனால் வானிணைப்பு தீங்கானது என்று ஆகிவிடாது. தாயின் இறுதி நேரத்தில் ஊர் திரும்பும் மகனுக்கு நடுவானில் கிடைக்கும் ஒரு சொல்லின் மதிப்பை எந்தத் தத்துவ வாதமும் குறைத்துவிட முடியாது. இழக்கப்பட்டது மௌனம் அன்று, மௌனத்துக்கு இருந்த பாதுகாப்பு. அதை மீண்டும் அமைப்பது பயணியின் துறவு மனப்பான்மைக்கு விடப்பட வேண்டிய செயலும் அன்று. 2017 ஜனவரி முதல் பிரான்சில், ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், பணிநேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியர் பிரதிநிதிகளுடன் பேசவேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. பல விமான நிறுவனங்களும் குரல்வழி அழைப்புகளைத் தடுக்கின்றன. ஆனால் அத்தடை காப்பது அருகில் அமர்ந்திருப்பவரின் அமைதியையே. அழைக்கப்படுபவரின் அமைதியைக் காக்கும் விதி, பறக்கும் நேரத்தைப் பணிநேரமாகக் கருதலாகாது என்று வேலை கொடுப்போரும் ஊழியரும் வெளிப்படையாக உடன்படுவதிலிருந்தே தொடங்க முடியும்.