முதலில் வீடா, வாகனமா?



நம் இல்லங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் ஒரு வினாவைக் குறித்து இங்குச் சிந்திக்க விரும்புகிறோம். மகன் படித்து முடித்துப் பணியில் அமர்ந்துவிட்டான், திருமணமும் நிறைவேறிற்று, மாத ஊதியத்தில் செலவு போகச் சிறிது மிஞ்சுகிறது. அம்மிச்சத்தைக் கொண்டு முதலில் ஒரு கார் வாங்குவதா, அன்றிப் பெற்றோர் இல்லத்தினின்றும் பிரிந்து தனிக்குடித்தனம் அமைப்பதா? இரண்டும் ஒருசேர இயலாது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இப்பேச்சு நடந்தவண்ணம் உள்ளது. இது வரவு செலவுக் கணக்குத்தானே, இதில் அறநூலுக்கு என்ன இடம் என்று இளைஞர் சிலர் எண்ணலாம். இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்த அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியான பரிக்கிரக பரிமாணம் இக்கணக்கைப் பற்றியதேயாகும்.

அவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களை ஆசாரியர்கள் எண்ணும் முறையை நோக்குவோம். தத்வார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி, வரையறுத்துக்கொண்ட அளவை மீறுதலைச் சொல்லத் தொடங்குங்கால் நிலத்தையும் வீட்டையும் முதற்கண் வைக்கிறார். பின்னரே வெள்ளியும் பொன்னும், ஆனிரையும் தானியமும் வருகின்றன. காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் சமந்தபத்திரரோ, இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தின் குற்றங்கள் ஐந்தை வேறு வகையில் எண்ணுகிறார். அவற்றுள் முதலாவது அதிவாகனம். தேவைக்கு மேல் வாகனம் வைத்தல் என்றும், பேராசையால் எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மேல் நடத்துதல் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். ஐந்தாவது அதிபாரவாகனம்; அளவிறந்த சுமை ஏற்றுதல் என்பது அது. ஆக, ஒருவர் வீட்டிலிருந்து தொடங்குகிறார். மற்றவர் வாகனத்திலிருந்து தொடங்குகிறார். நம் இளைஞர் கேட்கும் வினாவின் இரு பாதியும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆசாரியர் திருவுள்ளத்தில் இருந்தன போலும்!

எனினும் இவ்விரண்டும் ஒரு தரத்தன அல்ல. விரதம் பூண்டோரை உமாசுவாமி இரு வகையாகப் பிரிக்கிறார்: அகாரி, அநகாரர். அகாரம் என்பது இல்லம். இல்லத்தில் இருப்பவன் சாவகன். இல்லத்தைத் துறந்தவர் முனிவர். வீட்டை விட்டு நிற்பதே துறவறத்தின் அடையாளமாயின், வீட்டில் நிற்பதே இல்லறத்தின் அடையாளமாகும். உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானமும் நிகழ்வதற்கு ஓர் அடுப்பும் ஒரு கூரையும் வேண்டும். வாகனம் அத்தகையது அன்று. அஃது இல்லாமல் ஒருவன் நல்ல சாவகனாக வாழ்ந்து முடிக்கலாம். நம் பாட்டனார் பலர் அவ்வாறே வாழ்ந்தனர். ஆதலின் பொதுவாகக் கூறுமிடத்து, குடியிருப்பைச் செம்மை செய்துகொள்வது முன்னும், வாகனம் பின்னும் அமைதலே தகும் என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் மூத்தோர் சிலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவோம். பெற்றோரைப் பிரிந்து போ என்று அறப்பத்திரிகையே சொல்லலாமா? சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் மூன்று தலைமுறையினர் நெருங்கி வாழுங்கால், நாள்தோறும் காலையில் குளியலறைக்கும் மாலையில் அடுக்களைக்கும் சண்டை மூள்கிறது. மாமியார் சொல் மருமகளைச் சுடுகிறது; மருமகளின் மௌனம் மாமியாரைச் சுடுகிறது. கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களும் அவ்வீட்டில் வாடகையின்றிக் குடியிருக்கின்றன. எறும்புக்கும் தீங்கு செய்யாத ஒரு குடும்பம் தன்னுள் தானே பாவ இம்சை செய்துகொண்டிருப்பது நமக்கு உடன்பாடோ? அத்தகைய வீட்டினின்றும் மனமொத்து, பெரியோர் வாழ்த்தோடு, நடந்து செல்லும் தொலைவில் வேறு வீடு எடுத்துக்கொள்வது பிரிவு அன்று. மகனைத் தனியே அனுப்பினால் உறவினர் என்ன சொல்வரோ என்று அஞ்சி அவனைத் தடுத்து வைத்தல், மகன்மீது வைத்த அன்பினால் அன்று, மானத்தினால் வருவது.

மற்றொரு காரணமும் உண்டு. நாம் இதனையே பெரிதாகக் கருதுகிறோம். சென்னையில் மார்கழித் தொடக்கத்தில் மாலை 5.45 மணியளவில் கதிரவன் மறைகிறான். நகரின் ஒரு கோடியில் பெற்றோர் இல்லமும் மறுகோடியில் பணியிடமுமாக அமைந்துவிட்டால், வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிறது. இரவுண்ணாமை நோன்பு விடுமுறை நாளுக்கு மட்டும் உரியதாகச் சுருங்குகிறது. கார் வாங்கினால் விரைந்து வரலாமே எனில், அதே சாலையில் அதே நெரிசலில் தானே அதுவும் நிற்கும்! பணியிடத்திற்கு அருகே எளிய வாடகை வீடு ஒன்று அமையுமாயின், பொழுது சாயுமுன் உண்ணவும், உண்டபின் சிறிது நேரம் சாமாயிகத்தில் அமரவும் இயலும். கார் வேண்டும் என்னும் எண்ணமே பாதி தேய்ந்துவிடும். திக்விரதம் பூண்டோர் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றை எல்லையாகக் கொண்டு திசைதோறும் தம் போக்கை வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்றனர் ஆசாரியர். நாம் செல்லும் தொலைவு குறையக் குறைய நம்மால் நேரும் இம்சையும் குறையும் என்பது அதன் உட்கருத்து. ஆயின் பெற்றோரிடமிருந்து தொலைவு கூடுமே எனின், வாரந்தோறும் தவறாது சென்று காணுதலும், அவர்தம் மருந்துச் செலவை முதற் செலவாக ஒதுக்குதலும் அப்போது கட்டாயக் கடமையாகும். அவற்றைச் செய்ய மனமில்லாதவன் வீடு மாறவும் வேண்டா.

வாகனத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகு பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் எனக் கொல்லாமை விரதத்திற்குக் கூறிய ஐந்து குற்றங்களும், மாட்டுவண்டி பூட்டி மேல்சித்தாமூர்த் தேர்விழாவிற்குச் சென்ற நம் முன்னோரைத் தொடரக் காத்திருந்தன. இயந்திர வண்டி எருதின் கழுத்தை விடுவித்தது உண்மை. ஆனால் பாரம் மறையவில்லை; இடம் மாறிற்று. எட்டு லட்ச ரூபாயை ஒன்பது விழுக்காட்டு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய்; கட்டி முடிக்கும்போது 10 லட்சத்து 81 ஆயிரம் ரூபாய் சென்றிருக்கும். வண்டியோ வாங்கிய நாள் தொட்டே விலை இழந்துவருவது. அத்தவணைக்காகத் தந்தையார் ஓய்வூதியத்தைக் காட்டிப் பிணை நிற்பதும், மருமகளின் நகை அடகுக்குப் போவதும் நாம் காண்பவை. அதிபாரவாகனம் என்னும் குற்றம் எருதின்மேல் மட்டும்தான் நிகழுமோ?

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். உயர்ந்த வகைக் கார்கள் சிலவற்றில் இருக்கை தோலால் ஆனது. விற்போர் அதனைப் பெருமையாகவே சொல்வர். விலங்கின் தோலா, செயற்கைத் தோலா என வாயைத் திறந்து கேட்டறிதல் வேண்டும். மழைக்காலத்தில் உயிர்கள் பல்குவதால் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குகின்றனர். அக்காலத்தில் இரவு வண்டியின் முன்கண்ணாடியில் பூச்சிகள் மோதி மடிவதைக் கண்டவர், அவசியமற்ற இரவுப் பயணத்தைத் தாமே தவிர்த்துக்கொள்வர்.

நாம் கூறிய முறை எல்லார்க்கும் ஒத்ததன்று. நடக்கவியலாத தாயை வாரம் மும்முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வீட்டில் வாகனமே முன்னது. அங்குக் கார் அபயதானத்திற்கும் ஔஷததானத்திற்கும் கருவியாகிறது. பேருந்து வாரா ஊரில் பணிபுரிவோர் நிலையும் அத்தகையதே. ஆனால் அலுவலகத் தோழர் வாங்கிவிட்டார், மைத்துனர் வாங்கிவிட்டார் என்பதனால் எழும் ஆசைக்குச் சமந்தபத்திரர் தந்த பெயர் வேறு. பிறர் செல்வம் கண்டு வியத்தலாகிய விஸ்மயத்தையும் அவர் அவ்வைந்தனுள் ஒன்றாக வைத்துள்ளார்.

தசலக்ஷண பர்வத்தின் ஒன்பதாம் நாள் ஆகிஞ்சன்ய தருமத்திற்கு உரியது. அன்று பூசை முடிந்தபின் பெற்றோரும் மக்களும் ஒருங்கே அமர்ந்து, இக்குடும்பத்திற்கு நிலம் எவ்வளவு, வீடு எத்தனை, பொன் எவ்வளவு, வாகனம் எத்தனை என ஒரு தாளில் எழுதிக்கொள்வாராக. எது முதலில் என்னும் பேச்சை அதன் பின்னரே தொடங்கலாம். எல்லையை இன்னும் வாங்காத பொருளுக்கும் எழுதலாம். வாசலில் ஏற்கெனவே ஓர் இருசக்கர வண்டி நிற்குமாயின், அதனையும் எண்ணிக்கையில் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.