மலை ஏறிய திராட்சை

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் நிலத்துக்காக நடக்கும் சண்டை வெளியாட்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அங்கே காட்டை அழிப்பதாகக் குற்றம் சாட்டப்படுவது திராட்சைத் தோட்டம். குற்றம் சாட்டுகிறவர்களிலும் சிலர் திராட்சை பயிரிடுகிறவர்களே. இரண்டு தரப்பும் ஒரே சட்டத்தைத் தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. அந்தச் சட்டத்திலிருந்து தொடங்கினால்தான் சிக்கல் விளங்கும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மாயகாமஸ், வாகா என்ற இரு மலைத்தொடர்களுக்கு நடுவே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. நடுவில் நாபா ஆறு ஓடுகிறது. 1960களில் இங்கே திராட்சையோடு பிளம், வால்நட், மாட்டுப் பண்ணை எல்லாம் கலந்திருந்தன. அதே காலத்தில் தெற்கே சாண்டா கிளாரா பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்தன. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று நாம் சொல்வது அந்த இடத்தைத்தான். தங்களுக்கும் அந்தக் கதி வந்துவிடும் என்று நாபாக்காரர்கள் பயந்தார்கள். 1968 ஏப்ரலில் நாபா கவுண்டியின் (மாவட்டத்தின்) மேற்பார்வையாளர் குழு வேளாண் பாதுகாப்பு மண்டலத்தை அறிவித்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட மண்டலம் அதுவே முதல். பள்ளத்தாக்கின் தரைப்பகுதி நிலத்தை 20 ஏக்கருக்குக் குறைவாகப் பிரிக்கக் கூடாது என்றார்கள். பின்னர் அதை 40 ஆக்கினார்கள். ஷ்ராம்ஸ்பெர்க் ஒயின் ஆலையின் ஜாக் டேவிஸ் போன்றவர்கள் இதற்காக வாதாடினார்கள். மனை போட்டு விற்கும் கனவில் இருந்தவர்களுக்கு இது வயிற்றில் அடிப்பதாக இருந்தது.

சட்டம் வென்றது என்றே சொல்ல வேண்டும். ஆனால் குழு போட்ட சட்டத்தை அடுத்து வரும் குழு மாற்றிவிடலாம் அல்லவா? அந்தக் கதவையும் அடைத்தார்கள். 1990இல் வாக்காளர்கள் 'மெஷர் ஜே' என்ற வாக்கெடுப்புத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால், சில விதிவிலக்குகள் போக, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். இதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் வோல்கர் ஐசலே. அவரும் திராட்சை விவசாயிதான். 1995இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. 2008இல் 'மெஷர் பி' அதன் ஆயுளை 2058 வரை நீட்டியது.

இவை எல்லாமே வீட்டுமனைக்கு எதிரான வேலிகள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். திராட்சைக்கு எதிராக வேலி வேண்டியிருக்கும் என்று 1968இல் யாரும் நினைக்கவில்லை. 1976இல் பாரிஸில் பெயர் மறைத்து நடந்த ஒயின் சுவைப் போட்டியில் நாபாவின் ஸ்டாக்ஸ் லீப், ஷட்டோ மாண்டலீனா ஒயின்கள் பிரெஞ்சு ஒயின்களை முந்தின. நிலத்தின் விலை ஏறியது. தரைப்பகுதி நிரம்பியபின் கொடி மலை ஏறத் தொடங்கியது. இடப் பற்றாக்குறையோடு சுவையும் ஒரு காரணம். மலைமண் ஆழமில்லாதது, சத்துக் குறைந்தது. அதில் கொடி திணறித்தான் வளரும். பழம் சிறுத்து, சாறு அடர்ந்து வரும். அந்த ஒயினுக்கு விலையும் அதிகம்.

விலையின் மறுபக்கம் தண்ணீரில் தெரிந்தது. மலையிலுள்ள ஓக் மரங்களும் புதர்களும் மழையின் அடியைத் தாங்கி, சருகின் வழியாக நீரை மெல்ல உள்ளே அனுப்புகின்றன. கொடி நட வேண்டுமானால் மரத்தை வேரோடு பிடுங்கி, பாறையை உடைத்து, மண்ணை ஆழமாகக் கிளற வேண்டும். முதல் மழையில் அந்த மண் ஓடைக்கு இறங்கிவிடும். ஸ்டீல்ஹெட், சால்மன் மீன்கள் ஓடையின் கூழாங்கற்களுக்கு இடையில்தான் முட்டையிடுகின்றன. நுண்ணிய வண்டல் படிந்தால் முட்டைகளுக்குப் பிராணவாயு கிடைக்காது. மனிதர்களின் குடிநீரும் தப்பவில்லை. 1989இல், மலையில் புதிதாகத் திருத்திய திராட்சை நிலத்தின் மண் மழையில் அரித்துவந்து, செயின்ட் ஹெலினா ஊருக்குக் குடிநீர் தரும் பெல் கேன்யன் நீர்த்தேக்கத்தில் சேர்ந்தது. ஊர் கொதித்தது. 1991இல் புதிய விதிகள் வந்தன: 5 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள நிலத்தில் கொடி நட, மண்ணரிப்புத் தடுப்புத் திட்டத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

விதி வந்தபின் சண்டை அனுமதி வழங்கும் மேசைக்கு இடம் மாறியது. வால்ட் ரான்ச் அதற்குச் சரியான உதாரணம். நாபா நகரத்துக்குக் கிழக்கே உள்ள சுமார் 2,300 ஏக்கர் மலைநிலம் அது. உரிமையாளர்கள் கிரெய்க் ஹால், கேத்ரின் ஹால் தம்பதி, ஒயின் ஆலை நடத்துகிறவர்கள். அதில் சுமார் 300 ஏக்கரைத் திருத்த, 14,000 மரங்கள் வரை வெட்ட வேண்டும். அந்த நிலத்தின் ஒரு பகுதியில் விழும் மழை நாபா நகரத்தின் மில்லிகன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2016இல் கவுண்டி அனுமதி கொடுத்தது. அக்கம்பக்கத்தவரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலான வாதங்களைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. வெட்டப்படும் மரங்களால் காற்றில் சேரும் கரியமில வாயுவுக்கு, நிலத்தின் வேறு பகுதியில் மரங்களை வெட்டாமல் விடுவது ஈடாகும் என்று கவுண்டி சொல்லியிருந்தது. எப்படியும் நிற்கப்போகிற மரத்தை விட்டுவைப்பது எப்படி ஈடாகும் என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. அந்த ஒரு நூலிழையில் திட்டம் தொங்கியது.

இதற்கு நடுவே 2018 ஜூனில் 'மெஷர் சி' வாக்கெடுப்பு வந்தது. திராட்சைக்காக இனி 795 ஏக்கர் ஓக் காட்டை மட்டுமே அழிக்கலாம், அந்த வரம்பைத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு என்பது அதன் சாரம். இந்த வரைவைத் தயாரிப்பதில் நாபா ஒயின் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைமையும் கைகோத்தது. உறுப்பினர்கள் முறைத்துக்கொள்ளவே பின்வாங்கியது. அரை நூற்றாண்டாக ஒரே அணியில் நின்றவர்கள் அந்தத் தேர்தலில் வெளிப்படையாகப் பிரிந்தார்கள். 641 வாக்கு வித்தியாசத்தில் 'மெஷர் சி' தோற்றது.

தோல்வி வீண்போகவில்லை என்பது என் எண்ணம். வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மரத்தின் பக்கம் நின்றதைக் கண்ட மேற்பார்வையாளர் குழு, 2019இல் தானே ஒரு மரப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மலைப்பகுதியில் மரநிழல் பரப்பில் 70 சதவீதத்தை விட்டுவைக்க வேண்டும். ஒரு பங்கு மரப்பரப்பை அழித்தால் மூன்று பங்கை ஈடு செய்ய வேண்டும். ஆர்வலர்களுக்கு இது போதவில்லை. தோட்டக்காரர்களுக்கு இது அதிகம்.

வால்ட் ரான்சைக் கடைசியில் காப்பாற்றியது சட்டமோ வாக்கோ அல்ல. வழக்கு வருடங்களைத்தான் வாங்கிக் கொடுத்தது. 2022 டிசம்பரில் நாபா கவுண்டி நில அறக்கட்டளை அந்த நிலத்தை 1.8 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அந்த மலையில் இனி கொடி ஏறாது. அடுத்த மலைக்கு அப்படி ஒரு வாங்குபவர் கிடைப்பார் என்று எந்தச் சட்டமும் உறுதி சொல்லவில்லை.