பழுப்புத்தாள் அட்டை

காலமான பெரியவர் ஒருவரின் நினைவு நாளில், அவர் குடும்பத்தார் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வருடாவருடம் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள். அட்டையில் பெரியவரின் படம் இருக்கும். இந்த முறை நானும் போயிருந்தேன். போன வருடத்து நோட்டுக்கு ஒரு சிறுமி பழுப்புத்தாள் அட்டை போட்டிருந்தாள். ஓரத்தை உள்ளே மடித்து, மூலை பிசகாமல், சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள்.

“தாத்தா படத்த ஏம்மா மறைச்சுட்ட? கழட்டு” என்றார் குடும்பத்தில் ஒருவர். பதில் பேசாமல் கழற்றினாள். தாள் குறுக்கே கிழிந்தது.

அந்தத் தாளை என்னால் மறக்க முடியவில்லை. நான் படித்த காலத்தில் பழுப்புத்தாளுக்கு வழியில்லை. பழைய தினசரியில்தான் அப்பா அட்டை போட்டுத் தருவார். எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகத்துக்கு மட்டும் வழவழப்பான காலண்டர் தாள். அழுக்குப் படக்கூடாது என்றுதானே அட்டை போடுகிறோம்? இவளும் அதற்காகத்தான் போட்டாளோ? இல்லை, தர்மத்துக்கு வந்த நோட்டு என்று தெரியக்கூடாது என்றா?

தர்மம் என்றதும் ஒரு பழைய உயில் நினைவுக்கு வருகிறது. லண்டனில் பீட்டர் சைமண்ட்ஸ் என்ற துணி வணிகர் 1586இல் அதை எழுதினார். ஏழைப் பிள்ளைகளுக்காக 1552இல் ஏற்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியின் சின்னப் பையன்கள் 60 பேர், அந்த உயிலின்படி, புனித வெள்ளியன்று லம்பார்டு தெரு தேவாலயத்துக்குப் போவார்கள். ஆளுக்கு ஒரு புதுப் பென்னியும் ஒரு பொட்டலம் உலர்திராட்சையும் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கம் இது. திராட்சை வாயில் போட்டதும் தீர்ந்துவிடும், பென்னி கடைக்குப் போய்விடும். கொடுத்தவர் முகம் பையனோடு வீட்டுக்கு வராது. நல்ல தர்மம் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் நீல அங்கியும் மஞ்சள் காலுறையும், தர்மப் பள்ளிப் பிள்ளைகள் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுத்திருக்குமே. இன்றைக்கும் அங்கே அதுதான் சீருடை, பெருமையோடு போட்டுக்கொள்கிறார்கள். அடையாளம் என்றாலே அவமானம் என்று எப்படிச் சொல்வது?

அங்கே படித்த எழுத்தாளர் சார்லஸ் லாம்ப் தன் கட்டுரையொன்றில் சொல்லும் பையன் ஒருவன் உண்டு. சாப்பாட்டு மேசையில் மிஞ்சியதையெல்லாம் பொறுக்கி எடுத்துவைப்பான். பிச்சைக்காரர்களுக்கு விற்கிறான் என்று மற்றவர்கள் அவனை ஒதுக்கிவைத்தார்கள். அவன் வாய் திறக்கவில்லை. கடைசியில் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், நொடித்துப்போன தாய் தகப்பனுக்கு அந்த மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பள்ளி நிர்வாகம் அந்தக் குடும்பத்துக்கு உதவியது, பையனுக்கு வெள்ளிப் பதக்கமும் தந்தது. பதக்கம் சரி. அதற்கு முன்னால் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களுக்கு யார் பொறுப்பு?

சிறுமி படத்தை மறைத்தாளா, நோட்டைக் காப்பாற்றினாளா, எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டா என்பதிலும் தெளிவில்லை. பிள்ளைகளுக்கு எதையாவது எழுதிவைக்க நினைப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கொடுத்ததை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போகாதீர்கள்.